பதில் கேட்காத வாத்தியார்

ஆங்கிலம் பழகத் தினம் மூன்று நிமிடம் போதும் என்கிறார்கள். தொடக்க நிலைக்காரர் தொடக்க நிலை வீடியோவைப் பார்க்க வேண்டும், கொஞ்சம் தேறியவர் அடுத்த படியைப் பார்க்க வேண்டும், நன்றாகத் தேறியவருக்கு அதற்கும் மேல்படி இருக்கிறது. இலக்கணப் புத்தகம் வேண்டாம், டியூஷன் வேண்டாம், தப்பாகப் பேசினால் முறைக்கிற வாத்தியாரும் வேண்டாம். குழந்தை கேட்டுக் கேட்டே தாய்மொழியைப் பழகியது போல, ஆங்கிலமும் ஒருநாள் தானாக வாயில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிள்ளையின் படிப்பை விசாரிக்கிற பெரியப்பாவிலிருந்து வேலைவாய்ப்புப் பயிற்சி நடத்துகிறவர் வரை எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். பிள்ளையின் கையிலிருந்து செல்போனைப் பிடுங்க முடியாத வீடுகளில் இது ஒரு ஆறுதலும்கூட. பார்க்கிறதுதான் பார்க்கிறான், இங்கிலீஷையாவது பார்க்கட்டும்.

இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். கண்ணால் மட்டும் ஆங்கிலம் படித்த நமக்குக் காது பழகவில்லை. எழுத்தில் நன்றாகத் தெரிந்த சொல்லையே ஒரு ஸ்காட்லாந்துக்காரர் வேகமாகச் சொன்னால் பிடிபடுவதில்லை. இந்தக் குறைக்கு வீடியோ நல்ல மருந்து. நிறுத்தலாம், பின்னால் தள்ளலாம், கீழே வரி ஓட இன்னொரு முறை கேட்கலாம். காசு கொடுக்காமல், யாரிடமும் கெஞ்சாமல், எட்டுத் திக்கு ஆங்கிலத்தையும் கேட்க முடிகிற காலம் இதற்கு முன் இருந்ததில்லை. அந்த வாதத்தின் வலு இத்துடன் தீர்ந்தது. படிநிலை முத்திரை, குறுகிய நீளம், ‘தானாக வரும்’ என்கிற வாக்குறுதி ஆகிய மற்ற மூன்றும் தட்டிப் பார்த்தால் நிற்பதில்லை.

முத்திரையிலிருந்து தொடங்கலாம். வீடியோவின் மூலையில் ஏ1, ஏ2, பி1 என்று போட்டிருப்பார்கள். ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகத்திலிருந்து எடுத்தவை அவை. ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். அந்த ஆவணம் வீடியோவையோ பாடத்தையோ வரையறுக்கவில்லை. ஒரு ஆள் ஒரு மொழியில் எதையெல்லாம் செய்ய முடியும் என்பதைத்தான் ஒவ்வொரு படியும் சொல்கிறது. ஆக அடியில் கிடக்கிற ஏ1ஐயே பாருங்கள். எதிரே இருப்பவர் மெதுவாகவும் தெளிவாகவும் பேசி, உதவவும் தயாராக இருந்தால் இவரால் எளிய முறையில் உரையாட முடியும் என்பது அந்தப் படிக்கான அடையாளங்களில் ஒன்று. மூன்று படி ஏறி பி2க்குப் போனால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவரோடு இரு தரப்புக்கும் சிரமம் இல்லாத அளவுக்குச் சரளமாகப் பேச வேண்டும் என்று வருகிறது. அடிப்படியிலும் மேல்படியிலும் எதிரே ஒரு ஆள் இருக்கிறார். அவரை எடுத்துவிட்டால் படிக்கு அர்த்தமே இல்லை. அந்த ஆளைக் கழற்றிவிட்டு எழுத்தையும் எண்ணையும் மட்டும் கொண்டுவந்து வீடியோவின் மூலையில் ஒட்டியிருக்கிறார்கள். வீடியோவில் வருகிறவர் மெதுவாகப் பேசுகிறார், சரி. உதவத் தயாராக இருக்கிறாரா? நாம் எந்த இடத்தில் முழித்தோம் என்பது அவருக்குத் தெரியுமா?

இன்னொன்றும் அந்தச் சட்டகத்திலேயே இருக்கிறது. தன்னைத் தானே மதிப்பிட்டுக்கொள்ளக் கொடுத்திருக்கிற அட்டவணையில் கேட்டல், வாசித்தல், உரையாடுதல், தொடர்ந்து பேசுதல், எழுதுதல் என்று ஐந்து திறன்களைத் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். ஒரே ஆள் ஒன்றில் மேல்படியிலும் இன்னொன்றில் அடிப்படியிலும் இருக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். நம் ஊர் ஆளைப் பார்த்தால் இது உடனே விளங்கும். பிளஸ் டூவில் இயற்பியலையும் கணக்கையும் ஆங்கில வழியில் படித்து நல்ல மார்க் வாங்கிய பையன், பொறியியல் புத்தகத்தை அகராதி இல்லாமல் வாசிப்பான். வங்கியில் கணக்கு ஏன் முடங்கியது என்று ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் கேட்கச் சொன்னால் வியர்த்துவிடும். அவன் எந்தப் படி? செருப்புக்கடையில் கேட்பது போல ஒற்றை எண்ணைக் கேட்டால் அவனால் சொல்ல முடியாது. ‘தொடக்க நிலை’ வீடியோவைப் போட்டால் அரை நிமிடத்தில் அலுத்துவிடும், ஏனென்றால் அதில் தெரியாத சொல் ஒன்றும் இல்லை. ‘மேல்நிலை’ வீடியோவைப் போட்டால் முழுக்கப் புரியும், பிறகும் வாய் திறக்காது. அவனுக்கு ஏற்ற படி என்று எந்த வீடியோவிலும் எழுதியிருக்காது, ஏனென்றால் அவனுடைய குறை வீடியோ தொடுகிற இடத்திலேயே இல்லை.

உலகத்துக்கெல்லாம் ஒரே ஏணி என்பதிலும் கோளாறு இருக்கிறது. ராபர்ட் லாடோ 1957லேயே எழுதிவிட்டார்: புது மொழியில் எது எளிது, எது கடினம் என்பதைக் கற்கிறவரின் தாய்மொழிதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. அவர் சொன்ன அளவுக்கு எல்லாத் தவற்றையும் அப்படி விளக்கிவிட முடியாது என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள், ஆனால் அடிப்படையை யாரும் தூக்கி எறியவில்லை. ‘என் பெயர் குமார்’ என்பதில் வினைச்சொல்லே கிடையாது. ஆகவே முதல் நாள் முதல் வாக்கியத்திலேயே நமக்கு ‘இஸ்’ விழுந்துபோகும். ஸ்பானியம் பேசுகிறவருக்கு அது விழாது, அவர் மொழியிலும் அந்த இடத்தில் வினை உண்டு. ‘தி’ எங்கே வரும், ‘எ’ எங்கே வரும் என்பதில் நாம் ஆயுள் முழுக்கத் தடுமாறுவோம். அவருக்கு அதற்கு ஈடான சொற்கள் சொந்த மொழியிலேயே இருக்கின்றன. ‘அவர் எங்கே இருக்கிறார் தெரியுமா’ என்று கேட்கும்போது ஆங்கிலத்தில் சொல்வரிசை திரும்புவதை மெத்தப் படித்த நம்மவர்களே தவறவிடுவார்கள். பைக்கும் முதுகுக்கும் மூட்டை கட்டுவதற்கும் ஆங்கிலத்தில் மூன்று சொற்கள், தமிழில் எழுதினால் மூன்றும் ‘பேக்’. இந்த முள் எல்லாம் நமக்கு எங்கே குத்துகிறது என்பது உலகப் பொது ஏ2 வீடியோவைத் தயாரித்தவருக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லை. ஆறாம் வகுப்பு ஆங்கில ஆசிரியைக்குத் தெரியும். அவருக்கும் ஒருகாலத்தில் குத்திய முள்தான் அது.

நீளத்துக்கு வருவோம். குறுகிய பாடம்தான் மூளைக்கு ஏற்றது என்று இப்போது விஞ்ஞானம் பேசுகிறார்கள். வரலாறு வேறு கதை சொல்கிறது. 2020 ஜூன் கடைசியில் இந்தியாவில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். அந்த இடத்தைப் பிடிக்க, செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை முதலில் இந்தியாவில்தான் வெள்ளோட்டம் விட்டது. அப்போது உச்ச வரம்பு 15 விநாடி. பிறகு 60 விநாடியானது, 2024 அக்டோபரில் மூன்று நிமிடமானது. அந்த வரம்பு நகர நகர ஆங்கிலப் பாடத்தின் ‘சரியான நீளமும்’ கூடவே நகர்ந்தது. எந்த ஆசிரியரும் வகுப்பில் சோதித்துக் கண்டுபிடித்த நீளம் அல்ல அது. விரல் அடுத்த வீடியோவுக்குத் தாவிவிடாமல் இருக்க ஒரு நிறுவனம் வகுத்த நீளம்.

வானொலிக் காலத்தில் இப்படி வெட்டவில்லை. பிபிசி 1943இலிருந்து வானொலி வழியாக ஆங்கிலம் கற்பித்தது. அமெரிக்காவின் குரல் 1959இல் தொடங்கிய ‘ஸ்பெஷல் இங்கிலீஷ்’ சேவை ஏறக்குறைய 1,500 சொற்களுக்குள் நின்று, வேகத்தைக் குறைத்து, செய்தியையும் சரித்திரத்தையும் முழுசாகச் சொன்னது. சொல்லைக் குறைத்தார்கள், வேகத்தைக் குறைத்தார்கள், விஷயத்தைக் குறைக்கவில்லை. ஒரு பேச்சின் நூலைத் தொலைத்துவிட்டு, தவித்து, அடுத்த வாக்கியத்தில் மறுபடி பிடிக்கிற பழக்கம் அப்படித்தான் வரும். 40 விநாடியில் முடிந்துவிடுகிற வீடியோவில் நூல் தொலையவே நேரம் இல்லை.

‘தினம் ஒரு சொல்’ வகையறாவுக்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும். ஸ்டூவர்ட் வெப்பும் மைக்கேல் ராட்ஜர்ஸும் 2009இல் ஆங்கிலப் படங்களை ஆராய்ந்து, வசனத்தில் நூற்றுக்கு 95 சொல் தெரிந்திருக்க வேண்டுமானால் ஏறத்தாழ 3,000 சொற்குடும்பங்கள் தேவை என்று கணக்கிட்டார்கள். நாளுக்கு ஒன்று என்று போனால் எட்டு வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவும் கற்ற ஒன்றுகூட மறக்காமல் இருந்தால்.

இனி அந்தக் குழந்தை. கேட்டே கற்கிறதாம். எந்த வீட்டில்? தமிழ் வீட்டில் குழந்தையைக் கேட்க மட்டும் யாராவது விட்டுவைப்பார்களா? ‘காக்கா எங்கே?’ ‘லைட்டு எங்கே?’ ‘தாத்தா எங்கே?’ என்று ஆளாளுக்குக் கேட்டு, அது விரலை நீட்டும்வரை விடமாட்டோம். தப்பான பக்கம் நீட்டினால் சிரித்துவிட்டு மறுபடி கேட்போம். பேச்சு வருவதற்கு முன்பே குழந்தை பதில் சொல்லத் தொடங்கிவிடுகிறது. பாட்ரிசியா கூல் என்ற ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகள் சிலருக்குச் சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து கதை சொல்லி விளையாட்டுக் காட்டினார்கள். அந்தக் குழந்தைகளுக்குச் சீன ஒலிகளைப் பிரித்தறியும் திறன் வந்தது. இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆட்களை, அதே பேச்சைத் திரையில் காட்டினார்கள். ஒன்றும் ஒட்டவில்லை. பெரியவர்கள் குழந்தைகள் அல்ல, திரையிலிருந்து நம்மால் ஓரளவு கற்க முடியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீடியோவுக்குக் குழந்தையைச் சாட்சிக்கு அழைத்தது அவர்கள்தானே? சாட்சி கூண்டில் ஏறி எதிர்த்தரப்புக்குப் பேசிவிட்டது.

கொஞ்சம் படித்தவர்கள் ஸ்டீபன் கிராஷனைக் கொண்டுவருவார்கள். தன் நிலைக்குச் சற்று மேலே இருக்கிற, ஆனால் புரிகிற மொழியைக் கேட்டும் வாசித்தும்தான் மொழி வருகிறது என்பது 1980களில் அவர் வைத்த கொள்கை. அதற்கு அப்போதே ஒரு மறுப்பு வந்தது. கனடாவில் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் பிரெஞ்சு வழியிலேயே பாடங்களைப் படித்தார்கள். நாள் முழுக்க, ஆண்டுக்கணக்கில், புரிகிற பிரெஞ்சு காதில் விழுந்துகொண்டே இருந்தது. கேட்டுப் புரிந்துகொள்வதில் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்டச் சமமாக வந்தார்கள். பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் உதைத்தது. மெரில் ஸ்வெயின் 1985இல் இதற்குச் சொன்ன காரணம்: தான் சொல்ல நினைத்ததைத் துல்லியமாகச் சொல்லியே தீர வேண்டிய நெருக்கடி அவர்களுக்குப் போதிய அளவு வரவில்லை. நாள் முழுக்கக் கேட்டவர்களுக்கே அந்தக் கதி என்றால் தினம் மூன்று நிமிடக்காரர்களின் கதியை யோசித்துக்கொள்ளுங்கள்.

‘ஆனால் எனக்கு உதவுகிறதே’ என்பார்கள் பார்க்கிறவர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் தோன்றும். 2018இல் மைக்கேல் கார்டாஸும் எட் ஓபிரையனும் இந்தத் தோற்றத்தையே சோதித்தார்கள். மைக்கேல் ஜாக்சனின் மூன்வாக் நடையைச் சிலருக்கு ஒரு முறையும் சிலருக்கு 20 முறையும் வீடியோவில் காட்டி, ‘நீங்கள் இதைச் செய்ய முடியுமா?’ என்று கேட்டார்கள். 20 முறை பார்த்தவர்களுக்கு நம்பிக்கை ஏறியிருந்தது. எழுந்து ஆடச் சொன்னபோது ஒரு முறை பார்த்தவர்களைவிட அவர்கள் ஒன்றும் நன்றாக ஆடவில்லை. ஆங்கில வீடியோவின் ஆபத்தும் இந்த இடத்தில்தான். அது ஒன்றும் கற்றுத்தரவில்லை என்றால் ஒரே வாரத்தில் விட்டுவிடுவோம். கற்றுவிட்டோம் என்ற நிறைவைத் தருவதால் வருஷக்கணக்கில் விடமாட்டோம். கேம்பஸ் இன்டர்வியூவில், அடுத்தடுத்து இரண்டு கேள்வி வந்து விழுகிறபோதுதான் கணக்கு வெளிப்படுகிறது.

நெதர்லாந்து, சுவீடன் உதாரணங்களும் வரும். அங்கே ஆங்கிலப் படங்களை டப்பிங் செய்யாமல் வரி போட்டுப் பார்த்தே எல்லோருக்கும் ஆங்கிலம் வந்துவிட்டதாம். டச்சும் சுவீடிஷும் ஆங்கிலத்துக்குப் பங்காளி மொழிகள் என்பதை ஒரு பக்கம் வைத்துவிடுவோம். அவர்கள் பார்த்தது முழுப் படங்களை, முழுத் தொடர்களை, கதைக்காக. படிநிலை முத்திரை போட்ட துண்டுகளை அல்ல.

சரி, மாற்று என்ன? வெளிநாடு போக வேண்டாம். சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் ஒரு பரிசோதனை நடத்தினார். ‘பெங்களூர் திட்டம்’ என்று உலகெங்கும் மொழியாசிரியர் பயிற்சியில் இன்றும் அது பாடம். நம் ஊர் ஆங்கில வகுப்புகளில்தான் அந்தப் பெயர் அபூர்வமாகக் காதில் விழுகிறது. இலக்கண விதியைப் பலகையில் எழுதி மனப்பாடம் செய்விப்பதை அவரும் எதிர்த்தார், வீடியோக்காரர்கள் எதிர்ப்பதைவிடக் கடுமையாகவே. ஆனால் அந்த இடத்தில் அவர் வைத்தது வேலை. ரயில் கால அட்டவணை ஒன்றைக் கொடுப்பார்கள். இந்த ஊருக்கு இத்தனை மணிக்குள் போய்ச் சேர எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும், எங்கே மாற வேண்டும் என்று ஆசிரியர் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே போவார். வரைபடம், நாட்காட்டி, ஜியோமெட்ரி படம் என்று வேலைகள் மாறும். முதலில் வகுப்பு முழுவதோடும் கேள்வி பதிலாக ஒரு வேலை. பிறகு அதே போன்ற இன்னொன்று, ஒவ்வொரு பிள்ளையும் தனியாகச் செய்ய.

பதில் முழு வாக்கியமாக வர வேண்டும் என்று பிரபு வற்புறுத்தவில்லை. ஒரு எண் போதும், ஒற்றைச் சொல் போதும். எல்லோரும் எழுந்து சொற்பொழிவாற்ற வேண்டும் என்று நான் சொல்வதாக யாராவது எடுத்துக்கொள்வார்கள், அதற்காகத்தான் இதைக் குறிப்பிடுகிறேன். பேச்சு பின்னால் வரட்டும். ஆனால் பிள்ளை ஏதோ ஒரு பதிலைக் கொடுத்தே ஆக வேண்டும், அது சரியா தப்பா என்பது அந்த நிமிடமே தெரிந்தாக வேண்டும், தப்பென்றால் ஆசிரியர் அதே கேள்வியைச் சற்று உடைத்துக் கேட்பார். மூளை விஷயத்தில் இருக்கும்போது மொழி பின்கட்டு வழியாக உள்ளே வருகிறது என்பது அவருடைய நம்பிக்கை.

படிநிலையை அவர் தீர்மானித்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு வேலையைக் கொடுத்துப் பார்ப்பார்கள். வகுப்பில் குறைந்தது பாதிப் பேர் அதில் குறைந்தது பாதியைச் சரியாகச் செய்தால் வேலை அந்த வகுப்புக்கு ஏற்றது. செய்யவில்லை என்றால் இறக்க வேண்டும், எல்லோரும் ஊதித் தள்ளினால் ஏற்ற வேண்டும். அதாவது நேற்றைய பதில்தான் இன்றைய படியை முடிவு செய்கிறது. கடலூர்ப் பள்ளியில் செவ்வாய்க்கிழமைக்குச் சரியான படி, சென்னைப் பள்ளியில் அதே நாளுக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை. பதிலே வாங்காத வீடியோ தன் படியை எப்படி அறியும்? 1985இல் பெரெட்டாவும் டேவிஸும் வெளியிட்ட மதிப்பீடு இந்தத் திட்டத்துக்கு ஓரளவு ஆதரவாகத்தான் பேசியது, வெற்றி முரசு கொட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அப்படி அளந்து பார்க்கத் துணிந்தார்களே. லட்சக்கணக்கில் சந்தாதாரர் வைத்திருக்கும் எந்தச் சேனல் தன் பார்வையாளரை அளந்து பார்த்திருக்கிறது?

கடைசியாக, உண்மையிலேயே கனமான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலம் பேசுகிற ஒருவர்கூட இல்லாத கிராமத்தில், வகுப்பெடுக்கிற ஆசிரியருக்கே ஆங்கிலம் தடுமாறுகிற பள்ளியில் படிக்கிற பெண்ணுக்கு அந்த வீடியோவையும் நீங்கள் பறிக்கப் போகிறீர்களா என்று கேட்பார்கள். பறிக்கவில்லை. ஆனால் ‘ஆசிரியர் சரியில்லை, ஆகவே வீடியோ’ என்பது ஒரு அரசு சொல்லக்கூடிய பதில் அல்ல. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில், கையில் இன்றைய வசதிகளில் ஒன்றும் இல்லாத சென்னை மாநிலம், தொடக்க வகுப்புகளில் ஆங்கிலம் சொல்லித்தரும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்க முனைந்தது. சிலரைப் பயிற்றுவித்து, அவர்களைக் கொண்டு பலரை என்று பெருக்கிக்கொண்டே போன முயற்சி. ‘மெட்ராஸ் ஸ்நோபால்’ என்று பெயர் வைத்தார்கள். அடுக்கடுக்காக இறங்கும்போது தரம் நீர்த்துப்போகும் என்ற குறை அந்த முறைக்கு உண்டு. என்றாலும், பிள்ளைக்கு ஆங்கிலம் வர வேண்டுமானால் எதிரே நிற்கிற ஆளைத் தேற்ற வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று அந்தச் செலவை ஒதுக்க மனமில்லாதவர்களுக்கு வீடியோ பட்டியல் ரொம்பச் சௌகரியமாகப் போய்விட்டது. பிள்ளைக்கு ஆங்கிலம் வரவில்லையா? பட்டியலைப் பார்க்கவில்லை, சோம்பேறி என்று பழியையும் அவள் தலையிலேயே போட்டுவிடலாம்.

பதில் கேட்கிற செயலிகளும் வந்துவிட்டன, பேசினால் திருப்பிப் பேசுகின்றன. வீடியோவைவிட அவை நிச்சயம் மேல். ஆனால் அவற்றின் பொறுமைக்கு எல்லையில்லை, என்ன உளறினாலும் ஊகித்துப் புரிந்துகொள்கின்றன. மறுமுனையில் இருக்கிற ஹெச்.ஆருக்கு அந்தப் பொறுமை கிடையாது. இணைய இணைப்பு நின்று நின்று வருகிற ஊரில் அவற்றை நம்பி இருக்கவும் முடியாது.

அந்தக் கிராமத்துப் பெண்ணிடம் நான் சொல்வது இதுதான். அதே மூன்று நிமிட வீடியோவை எடுத்துக்கொள்ளட்டும், மூலையில் என்ன படி போட்டிருந்தாலும் சரி. அவள் பார்க்க வேண்டும், அவளுடைய தோழி பார்க்கக் கூடாது. பிறகு தோழி கேட்க வேண்டும்: யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், ஏன் கோபப்பட்டார்கள், அப்புறம் என்ன ஆயிற்று. ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும், ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும். முட்டிக்கொண்டால் நடுவில் தமிழ் வரட்டும், குற்றமில்லை. புரியாத இடத்தில் தோழி விடாமல் மறுபடி கேட்க வேண்டும், அது மட்டும் கட்டாயம். முடிந்த பிறகு இருவரும் சேர்ந்து வீடியோவைப் போட்டு, சொன்னதும் நடந்ததும் ஒன்றுதானா என்று சரிபார்க்கலாம். மறுநாள் முறை மாறும்.